கிண்டி ஆய்வகமும் நாயுண்ணியும்

'உண்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'உண்ணி' என்ற சொல், பிற உயிரின் தோலில் வாயைப் புதைத்து நாட்கணக்கில் அசையாது குருதி குடிக்கும் எட்டுக்கால் உயிரைக் குறிக்கிறது. வயிறு நிரம்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதையைப் போலவே தோன்றும் என்பதால், லத்தீன் மொழியில் உண்ணிக்கு வழங்கிய 'ரிசினஸ்' என்ற பெயரே ஆமணக்குக்கும் சென்று சேர்ந்தது. தமிழிலும் இத்தகைய பெயரேற்றம் நிகழ்ந்திருக்கிறது: மாட்டின் அருகிலேயே திரியும் வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு ஆயிற்று, தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்து காடுகளை மூடிக்கொண்ட லாண்டனா, காய்களின் தோற்றத்தால் உண்ணிச்செடி எனப்பட்டது என்பர். நாயின் மயிருக்குள் ஓடித் துள்ளும் தெள்ளுப்பூச்சி இதனின்றும் வேறானது. அது ஆறுகால் பூச்சி. அதன் முட்டைகள் தரையில் உதிர்ந்து, புழுக்கள் பாய்க்கும் கோணிக்கும் அடியில் வளர்கின்றன.

வெப்ப நாடுகளில் நாயை வருத்தும் உண்ணிகளில் முதன்மையானது பழுப்பு நாயுண்ணி. 1806-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் இதற்கு ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ் என்று பெயரிட்டார். வெப்பமண்டலத்தில் வாழும் வகை தனி இனமெனக் கருதப்பட்டு அண்மையில் ரிப்பிசெஃபாலஸ் லின்னெய் என்று அழைக்கப்படுகிறது. இதன் வாழ்க்கைமுறையை அறியாமல் இதற்கெதிரான போராட்டத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சு நாயின்மீது ஏறிக் குருதி குடித்துக் கீழே விழுகிறது; தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகி மீண்டும் ஏறுகிறது; மீண்டும் விழுந்து தோலுரித்து, முதிர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை ஏறுகிறது. இறுதியாக விழும் பெண் உண்ணி மேல்நோக்கி ஏறும் இயல்பினால் சுவர் வெடிப்பிலோ கதவுநிலையின் இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. ஆகவே, எந்த வேளையிலும் உண்ணிகளுள் பெரும்பகுதி நாயின் உடலில் இருப்பதில்லை, நாய் படுக்கும் இடத்தில்தான் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனிக்காலம் இந்தச் சுழற்சியை அறுத்துவிடுகிறது. சென்னை போன்ற ஊரிலோ ஆண்டு முழுவதும் அது அறுபடுவதே இல்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் நாய் திண்ணைக்கும் தெருவுக்கும் இடையே வாழ்ந்த விலங்கு. உண்ணி நீக்கும் பழைய முறைகளும் பெரும்பாலும் மாட்டை முன்னிட்டு வளர்ந்தவையே. கையால் பிடுங்கி நெருப்பிலோ மண்ணெண்ணெயிலோ இடுவது, வேப்பெண்ணெய் அல்லது புங்கெண்ணெய் பூசுவது, வசம்பை அரைத்துத் தடவுவது, புகையிலையை ஊறவைத்த நீரால் கழுவுவது என்பன அவற்றுள் சில. பூண்டு, மஞ்சள், துளசி, வேப்பிலை ஆகியவற்றுடன் உண்ணிச்செடியின் இலையையும் சேர்த்து அரைத்துத் தெளிக்கும் முறை இன்றும் மரபுக் கால்நடை மருத்துவத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. மேய்ந்தால் மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும் இலை, மேலே தெளித்தால் உண்ணியை விரட்டப் பயன்படுகிறது. இம்முறைகளைப் புகழ்ந்து எழுதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: இவை விலங்கின் மேனியில் உள்ளதை மட்டுமே தொட்டன. சாணம் மெழுகித் தரையையும் சுண்ணாம்பு அடித்துச் சுவரையும் மூடிய வழக்கம், உண்ணியை நோக்கமாகக் கொள்ளாவிடினும், அதன் ஒளிவிடங்களை அடைத்திருக்கக் கூடும்.

உண்ணியை நோய் பரப்பும் உயிராகப் பார்க்கும் நோக்கு சென்னைக்கு வந்ததற்கு ஆங்கிலேயரின் வேட்டைநாய்களும் ஒரு காரணம். நரி வேட்டைப் பழக்கத்தை விடமுடியாத அவர்கள், இங்கே குள்ளநரியைத் துரத்துவதற்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாய்களைக் கொண்டுவந்தனர். மதராஸ் ஹன்ட் என்னும் வேட்டைக் குழுவும் இத்தகைய நாய்க்கூட்டத்தை வைத்திருந்தது. இந்நாட்டு உண்ணியையும் அது சுமக்கும் நுண்ணுயிரையும் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்ட நாட்டு நாய்களுக்கு ஓரளவு தாங்கும் வலிமை உண்டு; புதிதாக வந்த நாய்களுக்கு அது இல்லை. அவை காய்ச்சலில் விழுந்து, ஈறுகள் வெளிறி, சில வேளை சிறுநீர் காப்பி நிறமாகி மடிந்தன. உண்ணிக்காய்ச்சல் என்று இன்று கூறப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று.

அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் மாட்டின் டெக்சஸ் காய்ச்சலை உண்ணி பரப்புவதை மெய்ப்பித்தனர். கணுக்காலி ஒன்று நோயைக் கடத்தும் என்பதற்கு அது தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் லவுன்ஸ்பரி 1901-இல் நாயின் காய்ச்சலுக்கும் அதையே காட்டினார். அடுத்த கட்டம் சென்னையின் கிண்டியில் நிகழ்ந்தது. அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிறுவனத்தில் பணிபுரிந்த, பின்னாளில் மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரிக்கார்ட் கிறிஸ்டோபர்ஸ், 1906-இல் உண்ணியின் உடலமைப்பைப் பற்றியும், 1907-இல் நாயின் செவ்வணுக்களைச் சிதைக்கும் பைரோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி உண்ணிக்குள் வளரும் விதத்தைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். நோய்க்கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குச் சென்று அடுத்த தலைமுறையிலும் தொடரும் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. பிறந்தது முதல் நாயையே காணாத உண்ணியும் நோய் சுமந்து வரக்கூடும் என்பதே இதன் பொருள்.

1910-இல் வால்டர் ஸ்காட் பேட்டன், மதராஸ் ஹன்ட் நாய்களின் குருதியில் முன்னர் அறியப்பட்டதைவிடச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டு பைரோபிளாஸ்மா கிப்சோனி எனப் பெயரிட்டார். பின்னர் குள்ளநரியின் குருதியிலும் அதையே கண்டார். துரத்திய நாயும் துரத்தப்பட்ட நரியும் ஒரே ஒட்டுண்ணியைச் சுமந்திருந்தன. இன்று பபேசியா கிப்சோனி என்று உலகெங்கும் வழங்கும் உயிரின் முதற்குறிப்பு இதுவே. அதற்கு ஓராண்டு முன்னர் நட்டாலும் ஹேட்வெனும் டிரிப்பான் நீலம் என்னும் சாயம் நாயின் பெரிய பபேசியாவைக் குணப்படுத்துவதைக் கண்டிருந்தனர். ஆயின் சென்னையின் சிறிய ஒட்டுண்ணி அதற்கு அடங்கவில்லை. அதைப் பரப்பும் உண்ணி எது என்பதைக் காணவும் காலம் பிடித்தது: 1937-இல்தான் சுவாமிநாத், ஷார்ட் ஆகிய இருவரும் ஹீமாஃபைசாலிஸ் பைஸ்பினோசா என்னும் உண்ணியைச் சுட்டிக்காட்டினர்.

பேட்டனும் கிராக்கும் இணைந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் பாடநூல் 1913-இல் சென்னையின் கிறித்தவ இலக்கியச் சங்க வெளியீடாக வந்தது. அந்தத் துறையை வேட்டைநாய்களுக்காக மட்டும் யாரும் வளர்க்கவில்லை. எலித் தெள்ளு பிளேக்கைப் பரப்பும் என்பதைக் கராச்சியில் சிமோன் 1898-இல் காட்டிய பிறகு, தெள்ளும் உண்ணியும் மனித உயிர்பற்றிய கேள்விகளாகிவிட்டன. கிராக் 1924-இல் கசௌலியில் டைபஸ் ஆய்வின்போது அந்நோயாலேயே இறந்தார்.

மருந்துகளின் வரலாற்றை விரைவாகவே கடந்துவிடலாம். ஆர்சனிக் கரைத்த தொட்டியில் கால்நடைகளை முக்கியெடுத்த காலத்தை அடுத்து டிடிடி, பிஹெச்சி ஆகிய பூச்சிக்கொல்லிகள் வந்தன. அவை மண்ணிலும் கொழுப்பிலும் தங்கிவிடுவது தெரிந்தபின் பைரெத்திராய்டுகள் வந்தன. அவற்றுள் நாய்க்கு ஏற்ற பெர்மெத்திரின் பூனையைக் கொன்றுவிடும் என்பது பட்டறிந்த பாடம். 1990-களில் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் துளிகளும், 2014-இல் ஃபுளூரலேனர் என்னும் விழுங்கும் மாத்திரையும் வந்தன. மாத்திரையின் ஆற்றல் வியப்புக்குரியது. ஆயினும் நாயின் குருதியைக் குடித்த பிறகே உண்ணி சாகிறது. வேப்பெண்ணெயிலிருந்து மாத்திரை வரை வந்தவற்றுள் பெரும்பாலானவை விலங்கின் உடலையே நோக்கின. கிறிஸ்டோபர்ஸ் காலத்திலேயே உண்ணியின் வாழ்வு எங்கே கழிகிறது என்று தெரிந்திருந்தும், கொட்டகைச் சுவரின் வெடிப்பை அடைப்பது மருத்துவத்தின் பகுதியாகக் கருதப்படாமல் கொத்தனாரின் வேலையாகவே விடப்பட்டது.

சென்னையின் குள்ளநரி வேட்டை பழங்கதையாயிற்று. பேட்டன் பெயரிட்ட ஒட்டுண்ணியோ இன்றும் சென்னை நாய்களின் குருதிப் பரிசோதனை முடிவுகளில் இடம்பெற்று வருகிறது.