குப்பைமேட்டில் ஒரு சில்லு

பாண்டி ஆடத் தெரியுமா உங்களுக்கு? தரையில் கட்டம் போட்டு, சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் நொண்டிப் போவோமே, அதுதான். அந்தச் சில்லு எங்கிருந்து வந்தது? உடைந்த ஓட்டிலிருந்து. அதாவது, குப்பையிலிருந்து.

சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. பக்கத்தில் விஜயகரிசல்குளத்து மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்தது. தங்க நகை கிடைத்ததும் பேப்பரில் எல்லாம் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு. சுடுமண் வட்டச் சில்லுகள். எந்தக் காலத்திலோ ஒரு வீட்டில் பானை உடைந்திருக்கும். தூக்கி எறிந்த ஓட்டை ஒரு பிள்ளை எடுத்துத் தேய்த்து விளையாடியிருக்கும்.

சங்கு வளையல்களும் கிடைத்தன. பாதி வேலையில் விட்டதும் அதில் உண்டு. இங்கிருந்து கடல் தூரம். முழு வளையல் மட்டும் கிடைத்திருந்தால், யாரோ வெளியூரில் வாங்கி வந்தது என்று சொல்லிவிடலாம். அரைகுறைத் துண்டுதான் "இங்கேயே செஞ்சாங்க" என்று சாட்சி சொல்கிறது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் நல்ல சாமானைக் கையோடு எடுத்துப் போவார்கள். குப்பையைத்தான் விட்டுப் போவார்கள்.

இதே வேலையைப் புதுக் குப்பையில் செய்தவர் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்து வில்லியம் ராத்ஜே. 1973-இல் ஆரம்பித்தார். பின்னாளில் குப்பைக்கிடங்குகளைத் தோண்டியபோது, பல வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள்கள் படிக்கிற மாதிரியே கிடைத்தன. காற்றும் ஈரமும் போதாவிட்டால் நுண்ணுயிர்களால் சரியாக வேலை செய்ய முடியாது. அமுக்கி மூடிய குப்பை லேசில் மக்காது.

சரி, நம்ம குப்பைக்கு வருவோம். தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் கிடக்கும் பட்டாசுத் தாள் என்றாவது மக்கிவிடும். ஆனால் பச்சை ஒளிக்காகச் சேர்க்கிற பேரியம் ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தடை போட்டது.

இன்னொரு குப்பை, பட்டாசு ஆலையில் மிஞ்சுகிற கழிவு மருந்து. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் லேசாக ஈரம் பட்டாலே போதும், தானாகச் சூடேறும். யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கலாம். இப்படிப்பட்ட கழிவை அழிக்கப் போய் உயிரைவிட்ட தொழிலாளர்கள் இந்தப் பக்கம் உண்டு. அந்தச் சில்லு கிடைத்த வெம்பக்கோட்டையைச் சுற்றியும் இன்றைக்குப் பட்டாசு ஆலைகள்தான்.

அன்றைக்குக் குப்பையைப் பொறுக்கிய பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்தது. இன்றைக்கு வெடிக்காத வெடியைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டிக் கொளுத்துகிற பிள்ளைக்குக் கையோ கண்ணோ போகும். அதனால் நீங்கள் தொடாதீங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லி, வாளி நிறையத் தண்ணீரில் முக்கிவைக்கச் சொல்லுங்க. கொஞ்ச ஈரம்தான் ஆபத்து. வாளித் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.