கடைசி எழுத்தில் ஒரு கண்ணி

2002-ஆம் ஆண்டு. மொசில்லா உலாவியின் பிழைப் பதிவேட்டில் 162020 என்ற எண்ணில் ஒரு புகார் ஏறியது. பார்வைக்குச் சின்னது. தீர்வு கிடைக்கவோ இரண்டு வருடம் பிடித்தது.

அன்று ஒரு வலைத்தளம் தன் நீட்சியை, அதாவது ஆட்-ஆனை, உலாவியில் ஏற்ற நினைத்தால் ‘நிறுவலாமா?’ என்றொரு கேள்விப் பெட்டி எழும். சம்மதித்தால் உள்ளே வரும் நீட்சிக்கு உலாவியின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும்; கடவுச்சொல்லும் தப்பாது. கேட்காமல் எதுவும் நுழையாது என்றே எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் ஓட்டையை ஜெஸ்ஸி ரூடர்மன் என்ற இளைஞர் கண்டுகொண்டார்.

அவர் ஒரு மாதிரிப் பக்கம் தயாரித்தார். ‘ஒன்லி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்வதுதான் அதில் வேலை. ஓ, என், எல், ஒய், நான்கே எழுத்து. ‘என்’னில் விரல் பட்டதும் பக்கம் கேள்விப் பெட்டியை எழுப்பியது. ஓடிய விரல் நிற்கவில்லை, ‘ஒய்’யையும் தட்டியது. அந்தப் பெட்டியில் ‘ஒய்’ என்றால் ‘யெஸ்’! கண் படிக்கும் முன்பே கை சம்மதம் சொல்லிவிட்டது.

எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டும் பயனில்லை. திறந்தது வீட்டுக்காரரின் கையே. கடைசியில் கிடைத்த மருந்து வெகு எளியது. பெட்டி எழுந்து மூன்று விநாடி வரை ‘ஆம்’ பொத்தானை உறங்க வைத்தார்கள். 2004 நவம்பர் 9-இல் இந்தத் தாமதத்தோடு மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் உலாவி 1.0 வெளிவந்தது. பொத்தான் விழிக்கக் காத்திருந்தவர்களுக்கு வந்ததோ எரிச்சல்.

யோசிக்க வைக்கும் தண்டனை இது என்று பலர் நினைத்தார்கள். காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கும் குறிப்புகள் பரவின. 2005 மே மாதம் அடுத்த அடி விழுந்தது: நீட்சியின் சின்னப் படத்துக்கான முகவரியில் நிரலை ஒளித்து, சம்மதமே கேட்காமல் ஓடவிடும் வழி அம்பலமானது. மொசில்லா 1.0.4 பதிப்பில் அவசரமாக அதை அடைத்தது. காத்திருப்பு பிழைக்குமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

பிழைத்தது. 2016-இல், மொசில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நீட்சிகளுக்கு ஃபயர்பாக்ஸின் கதவு சாத்தப்பட்ட பிறகும் அது போகவில்லை. மூன்று விநாடி சுருங்கி ஒரு கணமாயிற்று.

கொடைரோட்டில் ரயிலிறங்கி, மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து ஒரு நீட்சியைப் பதிக்கிறவர், உலாவி லேசாகத் தயங்குவதைப் பார்த்து ‘நெட் ஸ்லோ’ என்று நெட்டை நொந்துகொள்ளக்கூடும். அந்தத் தயக்கம் பிறந்தது ‘ஒன்லி’யின் கடைசி எழுத்தில். கைக்கும் கண்ணுக்கும் நடந்த பந்தயத்தில், கண்ணுக்காக வாங்கிய அவகாசம் அது.