நீர்விளிம்பில் ஓர் ஆண்

இமோஜன் கன்னிங்ஹாம் 1915இல் எடுத்த ஒளிப்படங்களை மாணவிகளுக்குக் காட்டுவது என் வழக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் மலை. உயரத்தில் பனிக்கு நடுவே தேங்கிய நீர். அதன் விளிம்பில் ஆடையில்லாத ஓர் ஆண். நீருக்குள் தலைகீழாக அவருடைய பிம்பம். வகுப்பில் முதலில் சிரிப்பு எழும். பிறகு யாராவது கேட்பார்கள்: "இதை எடுத்தது யார் மேடம்?" "அவருடைய மனைவி" என்பேன். சிரிப்பு அடங்கிவிடும்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. குளக்கரையில் குனிந்து முகம் பார்க்கும் பெண்ணை நாட்காட்டிகளிலும் திரையிலும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அவள் நீரைப் பார்ப்பாள். படைத்தவனும் ரசிகனும் அவளைப் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஓவியத்தில் 'குளிக்கும் பெண்' தனி வகையாகவே நிலைபெற்றது. கிரேக்கக் கதையில் தன் பிம்பத்தைக் கண்டு மயங்கிய நார்சிசஸ் ஆண்தான். ஆனாலும் தற்பெருமையைக் குறிக்கக் கையில் கண்ணாடியோடு ஓவியர்கள் தீட்டியது பெரும்பாலும் பெண்ணை.

இமோஜன் 1883இல் போர்ட்லாந்தில் பிறந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். எட்வர்ட் கர்டிஸின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தபின், உதவித்தொகையில் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குச் சென்று ஒளிப்பட வேதியியல் பயின்றார். 1910இல் சியாட்டிலில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். ஒளிப்படத்தைப் பெண்களுக்கான தொழிலாக முன்வைத்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆண்களை மிஞ்சுவதற்காகப் பெண்கள் தொழிலுக்கு வரவில்லை, தமக்கென எதையாவது செய்துகொள்ளவே வருகிறார்கள் என்று அதில் வாதிட்டார். 1915 பிப்ரவரியில் ஓவியர் ராய் பார்ட்ரிட்ஜை மணந்தார். மலையில் அவர் படமெடுத்தது இந்த ராயைத்தான்.

நீரில் தெரியும் பிம்பத்தைப் படமெடுக்கப் பொறுமை வேண்டும். பிம்பம் நீரின் மேலே கிடப்பதுபோல் நமக்குத் தோன்றும், லென்ஸுக்கு அப்படியில்லை. கேமராவிலிருந்து நீர்வரை உள்ள தூரத்தோடு, அங்கிருந்து ஆள்வரை உள்ள தூரத்தையும் கூட்டித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். ஒளியில் ஒரு பகுதி நீருக்குள் போய்விடுவதால் பிம்பம் ஆளைவிட இருண்டிருக்கும். இலேசான காற்று பட்டாலும் குலைந்துவிடும். காற்று அடங்க வேண்டும், நீர் அடங்க வேண்டும், ஆளும் அசையாதிருக்க வேண்டும். அந்தக் கணத்தை முடிவுசெய்பவர் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர். சாய்வாகப் பார்க்கும்போது நீர் எதிர்ப்பக்கத்தைத்தான் காட்டும், பார்ப்பவரைக் காட்டாது. தான் பார்க்கப்படாமல் பிறரைப் பார்க்கும் இடம் அது. பெண்களுக்கு அரிதாகவே வாய்த்த இடம்.

அதற்கு விலையும் இருந்தது. படங்கள் சியாட்டிலில் வெளியே தெரிந்ததும் கண்டனம் எழுந்தது. இமோஜன் நெகட்டிவ்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவை வெளியே வரவில்லை.

இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1921இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தம் காதலியான ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபைப் பல ஆண்டுகளாக எடுத்த படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். நிர்வாணப் படங்களும் அவற்றில் இருந்தன. பரபரப்பு அங்கும் எழுந்தது. ஆனால் அது ஸ்டீக்லிட்ஸின் புகழைக் கூட்டியது. விமர்சகர்களோ ஓகீஃபின் ஓவியங்களில்கூட அவருடைய உடலையே தேடத் தொடங்கினார்கள். ஆண் பெண்ணைப் பார்த்தபோதும் பெண் ஆணைப் பார்த்தபோதும் கணக்கு பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டது.

1915 டிசம்பரில் இமோஜனுக்கு முதல் மகன் பிறந்தான். 1917இல் இரட்டைப் பிள்ளைகள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே, 1920களில் வீட்டுத் தோட்டத்துச் செடிகளையும் மலர்களையும் எடுத்தார். மலர்களை எடுத்த பெண்ணை வரலாறு தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. இன்றும் பலர் அவரை மக்னோலியா மலர்ப் படத்தால்தான் அறிவார்கள். கணவரை நீரோரம் நிறுத்தியவரை அறிந்தவர்கள் குறைவு. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கேமரா ஏந்திய எத்தனையோ பெண்கள், தமக்கு முன்னால் ஒருத்தி இதைச் செய்திருக்கிறாள் என்று தெரியாமலேயே வேலை செய்தார்கள்.

இமோஜன் 1976இல் தம் 93ஆம் வயதில் காலமானார். அந்த நெகட்டிவ்களை அவர் மறைத்தார், அழிக்கவில்லை. அதனால்தான் இன்று அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. பெண்களின் வரலாற்றை எழுத விரும்பும் மாணவிகள் நூலகத்தோடு நின்றுவிடக் கூடாது. பாட்டிகளின் டிரங்குப் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும்.