ராயபுரம் முதல் தையூர் வரை

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கு நடுவே, உயரமான தூண்களோடு அமைதியாக நிற்கும் கட்டடம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. சுமார் 100 கிலோமீட்டர்!

அதற்கு முன்னால் எதுவுமே இல்லையா? இருந்தது. 1836-லேயே சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். 'போட்டுப் பார்த்தார்கள்' என்பதைக் கவனியுங்கள். அது பயணத்துக்கு அல்ல, சோதனைக்கு! மறுவருடமே செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் சுமந்துவர ஒரு ரயில் பாதை வந்துவிட்டது. பம்பாய் - தானே ரயிலுக்கு 16 வருடம் முன்பு. இந்த வேலையில் முன்னின்றவர், பின்னாளில் கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு முப்பதுகளில்தான் வயது. அந்தப் பாதை நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் 'போட்டுப் பார்க்கிற' வேலை, 180 வருடம் கழித்து, இதே சென்னையின் தென்கோடியில் மறுபடி நடந்தது. இந்தமுறை செய்தவர்கள் காலேஜ் மாணவர்கள்.

2013-ல் ஈலான் மஸ்க், 'ஹைப்பர்லூப்' என்ற திட்டத்தை வெளியிட்டார். ஒரு பெரிய குழாய். உள்ளே இருக்கும் காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்டால், வண்டிக்குக் காற்றின் தடை இருக்காது. விமான வேகத்தில் பறக்கும். செய்து பார்ப்பது யார்? மாணவர்களுக்கே ஒரு போட்டி வைத்தார்கள். 2017-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் 'அவிஷ்கார்' குழு பிறந்தது. பி.டெக். படிக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. வழிகாட்டி, விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தி.

பரீட்சையில் உராய்வுக்கு ஃபார்முலா எழுதினால் மார்க் கிடைத்துவிடும். பிரேக் பிடிக்காத வண்டி மார்க் போடாது! அதுதான் வித்தியாசம். வருடா வருடம் சீனியர்கள் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். போவதற்குள் ஜூனியர்களைத் தயார் செய்தாக வேண்டும். குரு ஒருவர் மட்டுமில்லை. நேற்றைய சிஷ்யனும் இன்று குருதான்.

2019 ஜூலையில் கலிஃபோர்னியாவில் இறுதிச் சுற்று. ஆசியாவிலிருந்து போன ஒரே குழு நம்முடையது. மணிக்கு 463 கிலோமீட்டர் வேகம் காட்டி ஜெயித்தவர்கள் ஜெர்மனியின் மியூனிக் மாணவர்கள். நம்மவர்கள் கோப்பை இல்லாமல் திரும்பினார்கள்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. 2022-ல் ரயில்வே அமைச்சகம் 8.34 கோடி ரூபாய் உதவி அறிவித்தது. 2024 முடிவதற்குள் தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்கு மேல் நீளமான சோதனைக் குழாய் தயார்!

ஹைப்பர்லூப் ஓடுமா, செங்குன்றம் பாதை மாதிரி மறைந்துபோகுமா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால், அதைச் செய்து பழகிய கைகள் வீணாகாது.

நம் கவலை வேறு. லாரி தயாராகும் எண்ணூரையும், மோட்டார் பைக் தயாராகும் திருவொற்றியூரையும் தாண்டித் தினம் பஸ்ஸில் காலேஜ் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமலே பலர் இன்ஜினீயர் ஆகிவிடுகிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு, கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, 'தப்பு வந்தால் பரவாயில்லை, கழற்றி மாட்டு' என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

ராயபுரம் ரயிலுக்கு முன்னால் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்னத் தண்டவாளம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று போட்டுக் கொடுப்போமே!