ஒளித் தத்துவம் சென்னை வந்த வரலாறு



கணியம்பாடியில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு நாள் மாலை வகுப்பின்போது மின்சாரம் நின்றுவிட்டது. அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, பொருள்களையெல்லாம் விளக்குக் காட்டுகிறது, விளக்கை எது காட்டுகிறது?" என்று வினவினான். "வீண் கேள்வி, உட்கார்" என்றேன். அவ்வினா எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே ஒரு பேரறிஞரின் நெஞ்சில் எழுந்தது என்பதை, ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

பாரசீகத்தின் வடமேற்கிலுள்ள சுஹ்ரவர்த் என்னும் ஊரில், ஏறத்தாழ 1154இல் பிறந்தவர் ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி. அக்காலத்தே இஸ்லாமிய உலகின் தத்துவக் கல்வியில் இப்னு சீனாவின் நெறி ஓங்கியிருந்தது. ஒரு பொருளை அறிய அதன் இலக்கணத்தை வரையறுத்தல் வேண்டும் என்பது அந்நெறியினர் கொள்கை. சுஹ்ரவர்தி இதனை மறுத்தார். ஒளிக்கு இலக்கணம் வேண்டுவதில்லை. அது தானே விளங்கும், பிறவற்றையும் விளக்கும் என்றார். நாம் நம்மை அறிவதும் அத்தகையதே. நமக்கு வலி உண்டானால், அதனைப் பிறர் வந்து விளக்கவேண்டுமோ? உள்ளவை யாவும் 'ஒளிகளின் ஒளி'யாகிய முதற்பொருளிலிருந்து படிப்படியாகத் தோன்றின. இருள் என்பது ஒளியின் இன்மையே என்பது அவர் முடிபு. இதனை விளக்கும் 'ஹிக்மத்துல் இஷ்ராக்' என்னும் நூலை 1186இல் முடித்தார். இஷ்ராக் என்பது கதிரவன் உதித்து ஒளி பரப்புதலைக் குறிக்கும். தருக்க ஆராய்ச்சியும் அகக்காட்சியும் ஒருங்கே வாய்த்தவனே நிறைஞானி என்பது அந்நூலின் கருத்து.

அலெப்போ நகரத்துச் சமயச் சட்ட அறிஞர் சிலர் அவர்மீது குற்றம் சாட்டினர். அந்நகரை ஆண்ட அல்மலிக் அழ்ழாஹிர் அவரிடம் அன்புடையவன். ஆயினும் அவன் தந்தையாகிய சுல்தான் சலாஹுத்தீனின் ஆணை வேறாயிற்று. 1191ஆம் ஆண்டளவில் சுஹ்ரவர்தி கொல்லப்பட்டார். வயது நாற்பதைக்கூட எட்டவில்லை.

ஆனால் அவர் நூல் மாயவில்லை. உரையாசிரியர்கள் அதனைக் காத்தனர். பாரசீகத்து ஷிராஸ் நகரினரான முல்லா சத்ரா (இறப்பு 1640) அதற்குக் குறிப்புரை வரைந்தார். ஒளிக்குச் சுஹ்ரவர்தி கூறிய ஏற்றத்தாழ்வை 'இருப்பு' என்பதற்கே பொருத்திப் புதுநெறி கண்டார். அவரே எழுதிய மற்றொரு நூல், ஓர் இயற்பியல் தத்துவப் பாடத்தின் உரை. பருப்பொருளைப் பற்றி இஷ்ராக்கியர் கொண்ட கருத்தும் அதில் ஆராயப்படுகிறது. 'சத்ரா' என்றே பெயர் பெற்ற அவ்வுரை, இலக்னோ நகரத்து ஃபிரங்கி மஹல் ஆசிரியர் முல்லா நிஜாமுத்தீன் (இறப்பு 1748) பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றது.

அவர் மகனார் அப்துல் அலி. 'கல்விக்கடல்' எனப் பொருள்படும் பஹ்ருல் உலூம் என்பது அவரது பட்டம். அவர் 'சத்ரா'வுக்குக் குறிப்புரை எழுதியவர். நம் ஆர்க்காட்டின் பெயர் தாங்கிய நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆதரவில் சென்னை வந்து, பாடம் சொல்லி, 1810இல் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை அடுத்து அவரது அடக்கத்தலம் உள்ளது.

அலெப்போவில் வாளால் அவிக்க முயன்ற சுடர், ஆசிரியர் கையிலிருந்து மாணாக்கர் கைக்கு மாறி மாறி நம் கடற்கரை வரை வந்தது. வாள் செய்ய இயலாததை, "உட்கார்" என்னும் ஒரு சொல்லால் நான் செய்யத் துணிந்தேனே என்று இன்றும் வருந்துகிறேன். மாணவர்களே, அச்சிறுவன் வினாவை நீங்களேனும் கேளுங்கள். விடை கிட்டும்வரை உட்காராதீர்கள்.