ஆடி காட்டும் தெய்வம்

இன்று கடைத்தெருவில் சில ரூபாய்க்கு ஒரு கைக்கண்ணாடியை நீங்கள் வாங்கிவிடலாம். பண்டைக் காலத்தில் அப்படியன்று. உலோகத்தை உருக்கி, வட்டத் தகடாக வார்த்து, முகம் தெரியும்வரை பல நாள் தேய்க்க வேண்டும். அவ்வாறு கிடைத்த கண்ணாடி அரியது. கதிரவன் ஒளியைத் திருப்பி வீசும் ஆற்றலும் அதற்கு இருந்தது. அது வழிபாட்டுக்குரிய பொருளானதில் வியப்பில்லை.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். கி.பி. 239இல் அந்நாட்டு அரசி ஹிமிகோ சீனாவின் வெய் அரசுக்குத் தூதர்களை அனுப்பினாள். பதிலுக்கு வந்த பரிசில்களில் 100 வெண்கலக் கண்ணாடிகளும் இருந்தன என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது. நாரா பகுதியில் உள்ள குரோசுகா என்னும் கல்லறை மேட்டை 1997-98இல் அகழ்ந்தபோது, ஒரே கல்லறையில் 34 கண்ணாடிகள் கிடைத்தன. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட 'கொஜிகி' என்னும் நூலில் ஒரு புராணக் கதை உண்டு. சூரிய தேவியான அமதெரசு, தன் பேரனை மண்ணுலகுக்கு அனுப்பும்போது ஒரு கண்ணாடியைத் தந்து, அதைத் தானாகவே எண்ணிப் போற்றும்படி பணித்தாளாம். அக்கண்ணாடி இசே கோயிலில் இருப்பதாக ஜப்பானியர் நம்புகின்றனர். அரச மரபின் மூன்று புனிதச் சின்னங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அது பேழைக்குள் மூடி வைக்கப்பட்டுள்ளது. மக்கள் யாரும் அதைக் காண முடியாது. முகம் பார்ப்பதற்கென்றே பிறந்த பொருள், எவர் முகத்தையும் காட்டாத பொருளாகிவிட்டது!

நம் நாட்டுக்கு வருவோம். மரத்தாலும் களிமண்ணாலும் ஆன தெய்வ உருவங்களை நீராட்டினால் அவை கெட்டுப்போகும் அல்லவா? பூரி ஜகந்நாதர் கோயிலிலும் வங்காளத்துத் துர்க்கை பூசையிலும் இதற்கு அழகான வழி கண்டிருக்கிறார்கள். தெய்வத்தின் பிம்பம் கண்ணாடியில் விழும்படி வைத்து, அந்தப் பிம்பத்தை நீராட்டுகிறார்கள். சித்திரை முதல் நாளன்று கனிகளோடு கண்ணாடியை வைத்து அதில் கண் விழிக்கும் வழக்கத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள்.

கேரளத்தில், பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆறன்முளையில் பழைய முறை உலோகக் கண்ணாடியை இன்றும் வார்க்கிறார்கள். அங்குள்ள கைவினைஞர்களின் முன்னோர் நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்றவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கலவை அளவைக் குடும்பத்துக்கு வெளியே சொல்வதில்லை. ஆயினும் உலோகவியலார் ஆராய்ந்து பார்த்ததில், அது செம்பும் வெள்ளீயமும் கலந்தது, வெள்ளீயம் ஏறத்தாழ 33 விழுக்காடு என்று தெரியவந்தது. வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்ததும் வெண்கலத்தின் குணமே மாறிவிடுகிறது. நிறம் வெள்ளிபோல் வெளுக்கிறது, கடினம் மிகுகிறது, கூடவே எளிதில் நொறுங்கும் தன்மையும் வந்துவிடுகிறது. கீழே போட்டால் உடையும் உலோகம் அது!

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டு நிலைக்கண்ணாடியில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே சிறிய இடைவெளி தெரியும். ஒளியைத் திருப்பும் பூச்சு கண்ணாடித் தகட்டின் பின்புறம் இருப்பதே காரணம். ராஜகீழ்ப்பாக்கத்து முடிதிருத்தகத்துக் கண்ணாடியானாலும் இதே கதைதான். ஆறன்முளைக் கண்ணாடியிலோ மேற்பரப்பே ஒளியைத் திருப்புவதால், விரலும் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

இனி, என் கருத்தில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கட்டம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியினர் பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியாது. அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியவும் தடை. இந்தச் சூழலில்தான், 1851இல் மறைந்த ஐயா வைகுண்டரின் வழிபாட்டு முறை தோன்றிற்று. அவர் வழி வந்தோரின் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடியே உண்டு. முன்னால் விளக்கு எரியும். ஆண்கள் மகுடம்போல் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் எதிரே நிற்கிறார்கள். வணங்க வந்தவர் காண்பது தம் உருவத்தையே. தமிழில் 'நிழல்' என்னும் சொல்லுக்குப் பிரதிபிம்பம் என்ற பொருளும் உண்டென்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இசேயில் கண்ணாடி மறைந்திருப்பதால் புனிதம். சாமித்தோப்பில் அது திறந்திருப்பதால் புனிதம். வாயிலிலேயே தடுக்கப்பட்ட ஒருவனுக்கு, தெய்வம் இருக்கும் இடத்தில் அவன் முகத்தையே காட்டுவது சாதாரணச் செயலா? நூறு சொற்பொழிவுகள் செய்ய முடியாததை ஒரு கண்ணாடித் துண்டு செய்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குருவும், 1927இல் சேர்த்தலைக்கு அருகே உள்ள களவங்கோடத்தில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அதில் 'ஓம் சாந்தி' என்னும் எழுத்துகள் இருந்தன. அவ்வூரில் சிலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். குருவின் கண்ணாடி அந்த வழக்கைத் தீர்த்தது. திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12 அன்று. ஐயா வைகுண்டர் மறைந்து அப்போது 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.