வகுப்பறைக்குள் வந்த கணினி – 4: பாதிப் பணம்

1981-ஆம் ஆண்டின் தொடக்கம். கேம்பிரிட்ஜ் நகரின் மார்க்கெட் ஹில்லில் ஒரு சிறிய அலுவலகம். வெள்ளிக்கிழமை விடிந்துகொண்டிருக்கிறது. வாரம் முழுக்கச் சரியான தூக்கமில்லாத ஏக்கார்ன் நிறுவனத்தார் மேசை மேலிருந்த சர்க்யூட் போர்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள். எத்தனை முறை சரிபார்த்தும் அது இயங்கவில்லை. பி.பி.சி. அதிகாரிகள் வர இன்னும் சில மணி நேரமே இருக்கிறது!

தன் தொலைக்காட்சித் தொடருக்கு பி.பி.சி. ஒரு கணினியைத் தேடிக்கொண்டிருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். முதலில் பேசிவைத்த நியூபிரெயின் கணினி உரிய நேரத்தில் தயாராகவில்லை. அந்த வாய்ப்பை ஏக்கார்னின் ஹெர்மன் ஹவுசர் பிடித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் புதுக் கணினி செய்யலாம் என்று பொறியாளர் சோஃபி வில்சன் ஒப்புக்கொண்டதாக இன்னொரு பொறியாளரான ஸ்டீவ் ஃபர்பரிடம் சொன்னார். ஸ்டீவ் ஒப்புக்கொண்டதாக சோஃபியிடம் சொன்னார். இருவரும் வேலையில் இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஹவுசரே ஒரு வழி சொன்னார். சோதனைக் கருவியோடு போர்டை இணைத்திருந்த கேபிளை வெட்டிவிடச் சொன்னார். வெட்டினார்கள். போர்டு இயங்கியது! பி.பி.சி.யின் ஒப்பந்தம் ஏக்கார்னுக்கே கிடைத்தது.

சரி, கணினி பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம் அதை எப்படி வாங்கும்? 32 கே.பி. நினைவகம் கொண்ட பி.பி.சி. மைக்ரோ மாடல் பி-க்கு முதலில் அறிவித்த விலை 335 பவுண்ட். பிறகு அது 399 ஆக ஏறியது. பாடப்புத்தகத்துக்கே கணக்குப் பார்க்கும் தலைமையாசிரியர் என்ன செய்வார்?

அதே 1981-இல் தாட்சர் அரசு கைகொடுத்தது. உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கணினி வாங்கலாம். பாதி விலையைத் தொழில்துறை அமைச்சகம் தரும். பணம் வந்தது கல்வித்துறையிலிருந்து அல்ல என்பதைக் கவனியுங்கள். சொந்த நாட்டுக் கணினித் தொழிலை வளர்க்கவேண்டும் என்பதும் அரசின் கணக்கு. அதனால் பட்டியலில் பிரிட்டிஷ் கணினிகளுக்கு மட்டுமே இடம்: ஒன்று ஏக்கார்னின் பி.பி.சி. மைக்ரோ, மற்றொன்று ரிசர்ச் மெஷின்ஸ் 380 இசட். ஏக்கார்னின் போட்டியாளர் கிளைவ் சின்க்ளேருக்கு இடமில்லை. மறு ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தபோதுதான் அவருடைய ஸ்பெக்ட்ரம் உள்ளே வந்தது.

மீதிப் பாதி? அதை உள்ளூர் நிர்வாகமோ பெற்றோரோ திரட்டவேண்டும். இந்த ஏற்பாட்டின் பெரிய குறை இதுதான் என்பேன். வசதியுள்ள ஊருக்கு அது சின்னத் தொகை. வேலையிழந்த தொழிலாளர்கள் நிறைந்த ஊருக்கும் அதே தொகைதான். ஏழைப் பள்ளிக்கு அரசு முழுப் பணமும் தந்திருக்கவேண்டும்.

ஆனாலும் அந்தப் பாதிப் பணம் இல்லாமல் இத்தனை வகுப்பறைகளுக்குக் கணினி இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. சுமார் 12,000 பி.பி.சி. மைக்ரோக்கள் விற்கும் என்று நினைத்தார்கள். கடைசியில் விற்றவை 15 லட்சத்தைத் தாண்டின.

அவற்றில் ஒரு பகுதி கடல் கடந்தது. 1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, 250 பள்ளிகளுக்கு இதே பி.பி.சி. மைக்ரோவை அனுப்பியது. இங்கே பாதிப் பணம் கேட்கவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து பாடம் நடத்த ஆசிரியர் தயாராக இருந்தாரா?

அடுத்த வாரம் அந்த வகுப்பறைக்குள் போவோம்.